ஒரே இஸ்திரி பெட்டி: மீட்டர் வெச்சா 53 ஓம், கணக்குப் போட்டா 59 ஓம். எது சரி?

இஸ்திரிக்கடை_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா வேளச்சேரியில ஒரு அபார்ட்மென்ட்டோட ஸ்டில்ட் பார்க்கிங் ஓரமா இஸ்திரி கடை வெச்சிருக்கார். தள்ளுவண்டி, கரிப்பெட்டின்னு இருந்தவர்தான். புகை பால்கனிக்கு வருது, காயப்போட்ட துணியில கரி படியுதுன்னு அசோசியேஷன்ல சொல்லி கரண்ட் பெட்டிக்கு மாத்த வெச்சாங்க. காமன் மீட்டர்ல இருந்து ஒரு லைன் இழுத்துக் கொடுத்தாங்க, மாசாமாசம் அதுக்குக் காசு. இப்ப அந்தக் காசுலதான் தகராறு.

செகரட்டரி அங்கிள் போடுற கணக்கு இது: பெட்டி 1000 வாட். நாளைக்கு 9 மணி நேரம். ஆக 9 யூனிட். மாசத்துக்கு 26 நாள், 234 யூனிட். அப்பா கேக்குறது: "பெட்டி என்ன, காலையில இருந்து விடாம கரண்டைக் குடிச்சிக்கிட்டா இருக்கு? செவப்பு லைட்டு எரியுது, அணையுது, எரியுது, அணையுது. அது போக 1000 வாட்டுன்னு எழுதித்தான் இருக்கு, அந்தச் சூடு எங்க வருது? காட்டன் சட்டையை ரெண்டு தபா இழுக்க வேண்டியிருக்கு."

நான் பி.காம். கரண்டுக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போட சரி. இருந்தாலும் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடைன்னு படிச்சது ஞாபகம் இருக்கேன்னு நானே அளந்து பாக்கலாம்னு இறங்கினேன். கேபிள் டிவி அண்ணா கிட்ட மல்டிமீட்டர் வாங்கினேன். ரிச்சி ஸ்ட்ரீட்ல, கம்பியைச் சுத்திப் பிடிச்சு கரண்டை அளக்குற ஒரு சின்ன கிளாம்ப் மீட்டர் எடுத்தேன். அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷன்: "ரெண்டு கம்பியையும் சேத்துப் பிடிச்சா ஜீரோதான் காட்டும்மா, ஒத்தக் கம்பியை மட்டும் பிடிக்கணும்"னு சொல்லி, மேல் உறையை உரிச்சு உள்கம்பிங்க தனித்தனியா தெரியுற மாதிரி ஒரு முழத்துக்கு எக்ஸ்டென்ஷன் துண்டு ஒண்ணு செஞ்சும் கொடுத்தார்.

அளந்தது இவ்வளவுதான்:

பிளக்கைக் கழட்டிட்டு, குமிழை காட்டன்ல வெச்சு, பிளக்கோட ரெண்டு பின்னுக்கு நடுவுல 52.8 ஓம்.
பெட்டியை சொருகறதுக்கு முன்னாடி சாக்கெட்ல 229 வோல்ட்.
சொருகி, செவப்பு லைட் எரியும்போது கிளாம்ப் மீட்டர்ல 3.9 ஆம்ப்ஸ்.

229 ஐ 3.9 ஆல வகுத்தா 58.7 ஓம். பெருக்கினா 893 வாட். ஆனா பெட்டியில எழுதியிருக்குற 230 வோல்ட், 1000 வாட்டை வெச்சுப் பின்னாடி போனா (230 × 230 ÷ 1000) 52.9 ஓம்தான் வருது. அது மல்டிமீட்டர் சொல்றதோட பொருந்துது. அப்போ கணக்குல வர்ற 58.7 எங்கிருந்து வந்துச்சு? பாக்கி 6 ஓம் யாரோடது? செகரட்டரி கிட்ட நான் எந்த வாட்டைச் சொல்றது, 1000 ஆ, 893 ஆ?

இ.இ.இ._மூணாவது_வருஷம்:

சிம்பிள் சிஸ்டர். மல்டிமீட்டர்ல அளந்தது பெட்டி ஆறியிருக்கும்போது. சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறும். குண்டு பல்பு எடுத்துக்கோங்க, 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம், ஆறியிருக்கும்போது அதுல பத்துல ஒரு பங்குகூட இருக்காது. அதே கதைதான் இங்கயும். 58.7 தான் உண்மையான வேல்யூ, 893 வாட்டுன்னு சொல்லிடுங்க.

பழைய_வயர்மேன்:

தம்பி, பல்பு விஷயத்துல நீ சொன்னது சரி. ஆனா பல்புக்குள்ள இருக்குறது டங்ஸ்டன், பெட்டிக்குள்ள இருக்குறது நிக்ரோம். டங்ஸ்டன் இழை 2000 டிகிரிக்கு மேல போய் வெளிச்சம் கொடுக்குது, அதனால பத்து மடங்குக்கு மேல ஏறும். நிக்ரோமை ஹீட்டருக்குத் தேர்ந்தெடுத்ததுக்கு ஒரு காரணமே சூடானாலும் ஓம் பெருசா அசையாதுங்கறதுதான். இஸ்திரி பெட்டி சூட்டுக்கு அது ஏறுறது சில சதவீதம். இந்தப் பொண்ணு சொல்றது 11 சதவீதம். அதுல பாதிகூட சூட்டுக்கணக்குல போகாது.

பாப்பா, உன் கணக்கு எல்லாம் சரி. வகுத்தது சரி, பெருக்கினது சரி. ரிச்சி ஸ்ட்ரீட்காரர் சொன்னதும் சரி. நான் பார்த்த நிறைய பேர் கிளாம்பை மொத்த வயரு மேல மாட்டிட்டு "மீட்டர் டூப்ளிகேட்டு"ன்னு திருப்பிக் கொடுக்கப் போயிருக்காங்க. போற கரண்டும் வர்ற கரண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுடும், ஜீரோதான் வரும்.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. அந்த 229 வோல்ட்டை எப்ப அளந்தே? பெட்டியை சொருகறதுக்கு முன்னாடி. 3.9 ஆம்ப்ஸை எப்ப அளந்தே? பெட்டி ஓடும்போது. ரெண்டையும் எப்படிம்மா ஒரே கணக்குல போடுவே? வோல்டேஜும் கரண்டும் ஒரே நேரத்துல, ஒரே பொருள் மேல அளந்திருந்தாத்தான் வகுக்கறதுக்கும் பெருக்கறதுக்கும் அர்த்தம். கரண்டு ஓடாதப்ப எவ்வளவு மோசமான வயரும் நல்ல பிள்ளையாத்தான் இருக்கும், 229 இருந்தா 229 காட்டும். ஓட ஆரம்பிச்சாத்தான் அதோட யோக்யதை தெரியும்.

மீட்டர் போர்டுல இருந்து அப்பா கடை சாக்கெட்டுக்கு வர்ற வயர் எவ்வளவு நீளம்? எவ்வளவு தடிமன்? நடுவுல எங்கயாவது முறுக்கி டேப் சுத்தியிருக்காங்களா? ரெண்டு கோர் வயரா, மூணு கோரா (உள்ள ரெண்டு கம்பிதானா, எர்த்தோட மூணா)? இதையெல்லாம் பாரு. அப்புறம் செவப்பு லைட் எரியுறப்ப ரெண்டு இடத்துல வோல்டேஜ் எடு: பெட்டி சொருகியிருக்குற அதே ஜங்ஷன் பாக்ஸ்ல பக்கத்து ஓட்டையில ஒண்ணு, மீட்டர் போர்டு சாக்கெட்ல ஒண்ணு. ஒரு ஆள் அங்க, ஒரு ஆள் இங்க நின்னு ஒரே சமயத்துல பாத்தா இன்னும் நல்லது. வேளச்சேரியில சாயங்காலம் எல்லா வீட்லயும் ஏ.சி. போட்டா வோல்டேஜே நாலு அஞ்சு இறங்கும், அது வேற உன்னைக் குழப்பும்.

ஒரு விஷயம், ஓம்ல வெச்சுக்கிட்டு கரண்டு இருக்குற இடத்துல மீட்டரைக் குத்திடாதே. மீட்டர் போகும், கூடவே கையும் போகும்.

மயிலை_வாத்தியார்:

வயர்மேன் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதைத்தான் கத்திக்கொண்டிருந்தேன். ஜெர்மன் நாட்டு ஓம் 1827 இல் இந்த விதியை அச்சில் கொடுத்தபோது அவர் பேசியது ஒரு தனிக் கம்பியைப் பற்றி மட்டும் அல்ல, மின்கலம், கம்பி எல்லாம் சேர்ந்த முழுச் சுற்றைப் பற்றி. நம் புத்தகத்தில் ஒரு மின்கலம், ஒரு மின்தடை என்று படம் போட்டு, இணைக்கும் கம்பிகளுக்கு மின்தடை இல்லை என்று சொல்லாமலே விட்டுவிடுகிறோம். பிள்ளைகள் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். உன் 58.7 ஓம் தவறான விடை இல்லை அம்மா. அது வேறொரு கேள்விக்குச் சரியான விடை: வழியில் உள்ளது அனைத்தும் பெட்டியோடு சேர்ந்து எவ்வளவு?

இஸ்திரிக்கடை_பொண்ணு:

வயர்மேன் அண்ணா, வாத்தியார் ஐயா, ரொம்ப நன்றி. காலேஜ் முடிஞ்சு வந்து தம்பியை மீட்டர் போர்டு கிட்ட நிக்க வெச்சு, போன்ல பேசிக்கிட்டே அளந்தோம். வாட்ச்மேன் தாத்தா வேற டார்ச் அடிச்சார்.

பெட்டி ஓடும்போது போர்டுல 228 வோல்ட்.
அதே நேரம் அப்பா ஜங்ஷன் பாக்ஸ்ல 207 வோல்ட்.
கரண்ட் அதே 3.9.

207 ஐ 3.9 ஆல வகுத்தா 53.1 ஓம்! பெட்டி மேல சந்தேகமே இல்ல போல. வாட் 807 தான் வருது. அப்பா சொன்னது நிஜம்தான், சூடு இல்ல.

வயர் சுமார் 30 மீட்டர் இருக்கும். போர்டுல இருந்து மோட்டார் ரூம் சுவரோட வந்து, அங்க ஒரு ஜாயின்ட் போட்டு, தூணைச் சுத்தி வருது. வயர் மேல 0.75ன்னு எழுதியிருக்கு. ரெண்டு கோர்தான். அந்த ஜாயின்ட் மேல கறுப்பு டேப் உருகி, வாழைப்பழத் தோல் காஞ்ச மாதிரி சுருங்கிப்போய் இருக்கு. பக்கத்துல போனா ஒரு மாதிரி மீன் வாடை. தம்பி செத்த எலின்னான். எலி ஏதும் இல்ல.

பழைய_வயர்மேன்:

அந்த வாடை எலி இல்ல பாப்பா. வயர் உறையும் பிளாஸ்டிக்கும் சூட்டுல வேகுற வாடை. இப்பவே பெட்டியை நிறுத்திட்டு மெயின் ஆஃப் பண்ணச் சொல்லு. மீதியை அப்புறம் படி.

ஆஃப் பண்ணியாச்சா? சரி, இப்ப உன் நம்பரை வெச்சே காட்டுறேன்.

போர்டுல 228, பெட்டிக்கு வந்தது 207. வழியில 21 வோல்ட் காணாமப் போச்சு. அதே 3.9 ஆம்ப்ஸ்தான் வயருக்குள்ளயும் ஓடுது, ஏன்னா எல்லாம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வரிசையில இருக்கு. 21 ஐ 3.9 ஆல வகு. 5.4 ஓம். நீ தேடின அந்த ஆறு ஓம்ல பெரும்பங்கு இங்க இருக்கு. மிச்சம் கொஞ்சம் போர்டுக்கும் முன்னாடி, தெருவுல இருந்து வர்ற லைன்லயும் மீட்டரோட துல்லியத்துலயும் போயிடுச்சு, அதை விடு.

இப்ப அந்த 5.4 ல வயருக்கு எவ்வளவு பங்குன்னு பாரு. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 0.0172 ஓம். உன்னது 0.75, அதனால மீட்டருக்கு 0.023. நீளம் 30 மீட்டர்னு நிறுத்திடாதே, போக 30, வர 30. அறுபது மீட்டருக்கு 1.4 ஓம் வருது. 5.4 ல 1.4 போனா 4 ஓம். அந்த நாலு ஓமும் டேப் சுத்தின ஜாயின்ட்லயும், கொஞ்சம் லூசான சாக்கெட்லயும் உக்காந்திருக்கு.

நாலு ஓம்தானேன்னு தோணும். 3.9 ஐ 3.9 ஆல பெருக்கு, 15.2. அதை நாலால பெருக்கு. 61 வாட்.

61 வாட் எங்க எரியுது தெரியுமா? கட்டைவிரல் அளவு ஒரு முறுக்குல. ரேடியோ ரிப்பேர் கடையில ஈயம் உருக்குற சால்டரிங் அயர்ன் 25 வாட். அந்த மாதிரி ரெண்டுக்கு மேல எடுத்து ஒரே இடத்துல கட்டி, மேல டேப் சுத்தி, மோட்டார் ரூம் சுவருல மாட்டி வெச்சிருக்காங்க. நாள் பூரா. வயர்லயும் ஒரு இருபது வாட் போகுதுதான், ஆனா அது 30 மீட்டருக்குப் பரவிப் போறதால தொட்டாக்கூடத் தெரியாது. சூடு எவ்வளவுங்கறதைவிட எவ்வளவு இடத்துலங்கறதுதான் நெருப்பு வைக்கும்.

"எம்.சி.பி. இருக்கே, விழுந்திருக்குமே"ன்னு யாராவது வருவாங்க. விழாது. எம்.சி.பி.ங்கறது போர்டுல தானா அணையுற சுவிட்ச், அது பாக்குறது கரண்டு அதிகமாச்சான்னு. மோசமான ஜாயின்ட் கரண்டைக் குறைக்கத்தான் செய்யும். 4.3 ஓட வேண்டிய இடத்துல 3.9 ஓடுது. எம்.சி.பி.யைப் பொறுத்தவரை எல்லாம் சுகம். எங்க தொழில்ல நாங்க அதிகம் பயப்படுறது ஷார்ட்டுக்கு இல்ல, லூஸ் கனெக்ஷனுக்கு. ஷார்ட் ஆனா டப்புன்னு விழுந்து ஊரைக் கூட்டிடும். லூஸ் கனெக்ஷன் சத்தமே போடாது. சூட்டுல செம்பு கறுக்கும், கறுத்தா ஓம் ஏறும், ஏறினா இன்னும் சூடு.

அடுத்து, ரெண்டு கோர். இதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்குது. பெட்டி பூரா இரும்பு. எர்த் இல்ல. அப்பா துணியில தண்ணி தெளிச்சுக்கிட்டே தேய்க்கிறார், ஐப்பசி கார்த்திகையில ஸ்டில்ட்ல கணுக்கால் தண்ணி நிக்கும். உள்ள காயில் உறை விட்டுப்போய் பேஸ் (கரண்டு வர்ற கம்பி) பாடியில பட்டா என்ன ஆகும்? இதுக்கும் அதே வகுத்தல்தான். கணக்குக்கு மனுஷ உடம்பு சுமார் 1000 ஓம்னு வெச்சுக்குவாங்க, ஈரத்துல அதுக்கும் கீழ போகும். 230 ஐ 1000 ஆல வகுத்தா 0.23 ஆம்ப்ஸ், 230 மில்லி ஆம்ப்ஸ். கரண்டு கசிஞ்சா உடனே அணைஞ்சு உயிரைக் காப்பாத்துற சுவிட்ச்தான் ஆர்.சி.சி.பி., அது 30 மில்லி ஆம்ப்ஸ்லயே விழணும்னு வெச்சிருக்காங்க. வித்தியாசத்தை நீயே பாத்துக்கோ. எம்.சி.பி.க்கு இந்த 0.23 ஆம்ப்ஸ் ஒரு பொருட்டே இல்ல, கண்டுக்காது.

ஆக, மூணு கோர் காப்பர் வயர், போர்டுல இருந்து கடை வரைக்கும் ஒரே துண்டா, நடுவுல ஜாயின்ட் கூடவே கூடாது. 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டா நல்லது, கையில காசு இல்லன்னா 1.5 போதும். 1.5 ல போக வர 60 மீட்டருக்கு 0.7 ஓம், வோல்டேஜ் மூணுதான் இறங்கும். அதுக்குக் கீழ வேண்டாம். கடைசியில 16 ஆம்ப்ஸ் சாக்கெட், போர்டுல 30 மில்லி ஆர்.சி.சி.பி. லைசென்ஸ் இருக்குற ஆளை வெச்சுப் பண்ணுங்க. நீ அளந்தது வரைக்கும் சபாஷ், ஆனா போர்டைக் கழட்டுறது உன் வேலை இல்ல.

ஸ்டில்ட்_செகரட்டரி:

நான் இன்னொரு அபார்ட்மென்ட்ல செகரட்டரி, மடிப்பாக்கம். எங்க பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க. காமன் மீட்டர்ல லிஃப்ட், தண்ணி மோட்டார், மாடிப்படி லைட் எல்லாம் ஓடுது. ஒருத்தர் எவ்வளவு எடுத்தார்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? பெட்டி மேல எழுதியிருக்குறதை வெச்சுத்தான் போட முடியும். குடியிருக்கறவங்க மீட்டிங்ல "எங்க காசுல இஸ்திரி கடை ஓடுதா"ன்னு கேக்குறாங்க. 9 யூனிட்னு போட்டவர் கெட்டவர்னு நினைக்காதீங்க. அதே சமயம் சூடு ஏறினதும் தெர்மோஸ்டாட் பெட்டியை கட் பண்றது எனக்கும் தெரியும். அதுக்கு ஒரு நியாயமான கணக்கு யாராவது சொன்னா எங்க ஆளுக்கும் உதவும்.

மயிலை_வாத்தியார்:

கணக்கு இருக்கிறது. திறன் வேறு, ஆற்றல் வேறு. வாட் என்பது அந்த நொடியில் எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்பது. யூனிட் என்பது கிலோவாட் மணி, அதாவது அந்த வேகத்தில் எத்தனை நேரம். 1000 வாட்டை 9 மணியால் பெருக்கியவர் பெட்டி ஒரு நொடிகூட அணையவில்லை என்று வைத்துக்கொண்டார். அப்படி எரிந்தால் காட்டன் சட்டை என்ன, மேசையே கருகிவிடும்.

அம்மா, கடை வழக்கமான வேகத்தில் நடக்கும்போது ஒரு பத்து நிமிடம் கைக்கடிகாரத்துடன் உட்கார்ந்து சிவப்பு விளக்கு எரியும் நேரத்தை மட்டும் கூட்டு. கஞ்சி போட்ட வேட்டிக்கு ஒரு மாதிரியும் பாலியஸ்டர் சுடிதாருக்கு ஒரு மாதிரியும் வரும், ஆகவே காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை பார். எரியும் நேரம் பாதிக்குக் கீழே வந்தால் வியப்பில்லை.

எந்த வாட்டை எடுப்பது என்றும் கேட்டிருந்தாய். பெட்டிக்கு வருவது 807 வாட். ஆனால் மீட்டரில் ஏறுவது போர்டிலிருந்து கிளம்புவது: 228 × 3.9, அதாவது 889 வாட். இடையில் உள்ள 82 வாட் வயரிலும் மூட்டிலும் வெந்து போகிறது. உன் அப்பா அதற்கும் காசு கொடுக்கிறார், ஒரு சட்டையும் அதனால் மடிப்புக் கலையவில்லை.

இன்னொன்று. மின்னழுத்தம் 230 இலிருந்து 207 ஆகக் குறைந்தால் பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் மின்தடை மாறாதபோது திறன் மின்னழுத்தத்தின் இருமடிப்படி போகும். 0.9 ஐ 0.9 ஆல் பெருக்கினால் 0.81. பத்து குறைந்தால் சூடு பத்தொன்பது குறைகிறது. அதனால்தான் இரண்டு தடவை இழுக்க வேண்டியிருக்கிறது. வாட் குறைந்தால் பில் குறையுமே என்று மகிழவும் முடியாது. துணிக்கு வேண்டிய சூடு வேண்டியதுதான். பெட்டி அதைக் கொடுக்க அதிக நேரம் எரியும்.

அடையாறு_அம்மா:

நடுவுல புகுந்து கேக்குறேன், மன்னிக்கணும். எங்க வீட்டு கிரைண்டருக்கும் இப்படிப் பாக்கலாமா? பிளக் பின்னுக்கு நடுவுல ஓம் வெச்சா 30 சொச்சம் காட்டுது. 230 ஐ வகுத்தா ஏழு ஆம்ப்ஸுக்கு மேல வருதே, அது இழுக்குறது ஒண்ணு சொச்சம்தான்.

பழைய_வயர்மேன்:

மோட்டாருக்கு இந்தக் கணக்கு செல்லாதுக்கா. மல்டிமீட்டர் காட்டுறது காயில் கம்பியோட ஓம் மட்டும். மோட்டார் ஓடும்போது காந்தப்புலம் அந்த ஏ.சி. கரண்டை எதிர்த்துத் தள்ளும், அந்த எதிர்ப்பு ஓம் மீட்டர்ல தெரியாது. வோல்ட்டை ஆம்ப்ஸால பெருக்கினாலும் வாட் வராது, அதை பவர் ஃபேக்டர்னு ஒண்ணுக்குக் கீழ வர்ற ஒரு எண்ணால பெருக்கணும். இஸ்திரி பெட்டி, கீசர், ஹீட்டர் ராடு, குண்டு பல்பு, இதுக்கெல்லாம் நேர்க்கணக்கு. கிரைண்டர், ஃபேன், ஃபிரிட்ஜுக்கு வேற. தனியா ஒரு திரி போடுங்க, சொல்றேன்.

இஸ்திரிக்கடை_பொண்ணு:

அன்னிக்கு ராத்திரியே மெயின் ஆஃப் பண்ணிட்டோம். வாட்ச்மேன் தாத்தாவோட பேத்தி வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன், லைசென்ஸ் இருக்கு, அவர் வந்து பாத்தார். டேப்பைப் பிரிச்சப்ப நானும் பக்கத்துல இருந்தேன். உள்ள செம்பு பச்சையும் கறுப்புமா இருந்துச்சு. இழை இழையா இருக்குற கம்பியில பாதி ஒடிஞ்சு போய், மிச்சம் நாலஞ்சு இழைதான் சும்மா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கையில எடுத்ததும் பொடியா உதிர்ந்துச்சு. செகரட்டரி அங்கிளும் வந்து பாத்துட்டு ஒண்ணும் பேசல. மோட்டார் ரூம் சுவர்ல அந்த இடத்துல பெயின்ட் பழுப்பா வெந்திருந்துச்சு. வயர் காசுல பாதி அசோசியேஷன் தரும்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

1.5 மூணு கோர் போட்டாச்சு, எர்த்தோட. ஆர்.சி.சி.பி.யும் மாட்டியாச்சு. இப்ப பெட்டி ஓடும்போது போர்டுல 228, கடையில 225, கரண்ட் 4.2. ஓம் 53.6 வருது, மீட்டர் 4.2ன்னு ரெண்டு இலக்கம் மட்டும் காட்டுறதால அந்தச் சின்ன வித்தியாசம்னு நினைக்கிறேன். வாட் 945. அப்பா முதல் சட்டையிலயே "ஆ, இப்பத்தான்டா பெட்டி!"ன்னார்.

விளக்கு கணக்கும் எடுத்தேன். புது வயர்ல, காலையில கூட்டம் இருக்கும்போது, பத்து நிமிஷத்துல 4 நிமிஷம் சொச்சம் எரியுது. சாயங்காலம் இன்னும் கம்மி. பெரிய நம்பரையே எடுத்துக்கிட்டு 42 சதவீதம்னு வெச்சேன். போர்டுல இருந்து போறது 228 × 4.2 = 958 வாட். 9 மணி நேரத்துக்கு 0.958 × 9 × 0.42, ஒரு நாளைக்கு 3.6 யூனிட். 26 நாளைக்கு 94. அவர் போட்டது 234.

இதை ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தேன். அங்கிள் ரெண்டு தடவை கால்குலேட்டர்ல போட்டுப் பாத்துட்டு, "எல்லாம் சரிம்மா, ஆனா மீட்டிங்ல இதை யாருக்குப் புரியவைக்கிறது, கடைக்குன்னு தனியா ஒரு சப்-மீட்டர் வெச்சுடலாம்"னு சொல்லிட்டார். சப்-மீட்டர் சரியா ஓடுதான்னு நான் எப்படி செக் பண்றது? இவ்வளவு அளந்ததுக்கு அப்புறம் எதையும் சும்மா நம்பத் தோணல.

ஸ்டில்ட்_செகரட்டரி:

அந்தத் தாளை எனக்கும் ஒரு போட்டோ அனுப்பும்மா. எங்க கடைக்காரருக்கும் இதையே போட்டுடறேன்.

பழைய_வயர்மேன்:

சப்-மீட்டரை செக் பண்றது சுலபம். மீட்டர் முகத்துல செவப்பா ஒரு சின்ன லைட் மினுக்கும், பக்கத்துல ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்குன்னு அச்சடிச்சிருக்கும். 3200ன்னு இருந்தா, ஒரு மினுக்குக்கு 1125 ஜூல். அதை உன் வாட்டால வகு. 958 வாட் ஓடும்போது ஒரு மினுக்குக்கும் அடுத்த மினுக்குக்கும் நடுவுல 1.17 செகண்ட் வரணும். ஒண்ணு ஒண்ணா எண்ணினா கை தப்பும், அதனால 20 மினுக்குக்கு நேரம் பாரு. முதல் மினுக்குல ஜீரோன்னு ஆரம்பிச்சு எண்ணு, இல்லன்னா ஒண்ணு கூடிப்போகும். 23, 24 செகண்ட் கிட்ட வந்தா மீட்டர் நல்ல மீட்டர். பெட்டி நடுவுல அணைஞ்சுட்டா அந்தக் கணக்கு வேண்டாம், பெட்டி ஆறியிருக்கும்போது சொருகின உடனே எடு, அப்பத்தான் தொடர்ந்து எரியும். 3200 இல்லாம வேற எண் இருந்தா 36 லட்சத்தை அந்த எண்ணால வகுத்துக்கோ, அதுதான் ஒரு மினுக்குக்கு ஜூல்.

மாட்டும்போது பேஸ், நியூட்ரல் ரெண்டும் சப்-மீட்டர் வழியாத்தான் போகணும், நியூட்ரலை வேற எங்கிருந்தாவது எடுத்தா ஆர்.சி.சி.பி. சும்மா சும்மா விழும். எர்த் மட்டும் நேரா போகும். அந்த ஆர்.சி.சி.பி.யில "டி"ன்னு ஒரு பட்டன் இருக்கும் பாரு, மாசத்துக்கு ஒரு தடவை அப்பாவை அமுக்கச் சொல்லு, விழணும். மழைக்காலம் வர்றதுக்குள்ள அந்த சாக்கெட்டை இடுப்பு உயரத்துக்கு மேல தூக்கி மாட்டிடுங்க.